கஹோனுக்குப் பக்கத்தில் சிம்பல்: முதலில் எதை வாங்குவது?

வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது. கஹோனும் (மேலே உட்கார்ந்து கையால் தட்டும் பெட்டி வாத்தியம்) ஜெம்பேவும் (கோப்பை வடிவ ஆப்பிரிக்கக் கை மேளம்) வாசிக்கிறார். குழுவில் ஒரு கிதார், ஒரு கீபோர்டு, இரண்டு பாடகர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை, கல்யாண வரவேற்பு, கல்லூரி விழா என்று மூன்று விதமான மேடை. "தாளம் சரியாகத்தான் நிற்கிறது, ஆனாலும் மேலே எதுவோ குறைகிற மாதிரி இருக்கிறது. பழைய டிரம் செட்டைப் பிரித்து விற்கும் ஒருவர் 16 அங்குல கிராஷும் 20 அங்குல ரைடும் மலிவாகத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? கையாலேயே அடிக்கலாமா, குச்சி வேண்டுமா? ஸ்டாண்டை எங்கே வைப்பது?"

ஸ்டாண்டில் மாட்டும் வட்ட உலோகத் தட்டுதான் சிம்பல். பாட்டின் முக்கிய இடங்களில் ஓங்கி அடிப்பது கிராஷ், தாளத்தை ஓட்டிச் செல்ல இடைவிடாமல் தட்டும் பெரியது ரைடு. அந்த இரண்டையும் வாங்காதீர்கள், தம்பி. மலிவாக இருப்பதால் சொல்லவில்லை. அவை குச்சிக்காகச் செய்தவை. பழகுபவர்களுக்கான டிரம் செட்டோடு வரும் சிம்பல்கள் பெரும்பாலும் பித்தளைத் தகட்டில் வெட்டியவையாக இருக்கும். தடிமன் அதிகம். டிரம்மர் மரக்குச்சியின் தோள் பகுதியால் ஓங்கி விளாசினால்தான் அவற்றின் வாய் திறக்கும். நீங்கள் விரலால் தட்டினால் சமையலறையில் தாம்பாளம் விழுந்த சத்தம்தான் வரும்.

ஏன் அப்படி என்று தெரிந்துகொண்டால் கடையில் எதைத் தேடுவது என்பது தானாகவே விளங்கிவிடும். குச்சியின் நுனி சிறியது, கடினமானது. தகட்டை ஒரு நொடியின் மிகச் சின்னப் பங்குதான் தொட்டுவிட்டு விலகிவிடும். அதனால் உயர்ந்த அதிர்வுகள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பும், 'ஷ்ஷ்' என்ற அந்த விரிவு கிடைக்கும். விரலின் சதை மெத்தென்றது. கூடுதல் நேரம் தகட்டோடு ஒட்டி நிற்கிறது, கிளம்பிய உயர் அதிர்வுகளைத் தானே அமுக்கியும் விடுகிறது. மிஞ்சுவது கீழ் அதிர்வுகள் மட்டும். ஆகவே கையால் வாசிக்கிற சிம்பல், மிகக் குறைந்த விசையிலேயே முழுதாக அதிர வேண்டும். அதற்குத் தகடு மெல்லியதாக இருக்க வேண்டும். ஒரே அளவில் மெல்லிய சிம்பல் சீக்கிரம் பேசும், சுருதி தாழ்ந்திருக்கும், சீக்கிரம் அடங்கும். தடித்தது உரக்கப் பேசும், சுருதி ஏறும், நெடுநேரம் ரீங்கரிக்கும். விட்டம் குறையக் குறைய சத்தமும் அது நீடிக்கும் நேரமும் குறையும். உங்கள் கஹோனின் ஸ்லாப் (பலகையின் மேல் விளிம்பில் விழும் கூர்மையான அடி) எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேட்டுப் பாருங்கள். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடுகிறது. அதன் பக்கத்தில் நான்கு ஐந்து நொடி இரையும் ஒரு ரைடை வைத்தால் கஹோன் காணாமல் போய்விடும். கை வாத்தியக்காரர் சிம்பலைத் தன் கையின் அளவுக்கு இறக்கிக்கொள்ள வேண்டும். நான் சொல்லப்போகிற மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

உலோகத்தைப் பற்றியும் கேட்பீர்கள் என்று தெரியும், ஏனென்றால் கடைக்காரர் முதலில் பேசுவதே பி20, பி8 என்றுதான். பி20 என்றால் 80 பங்கு செம்பு, 20 பங்கு வெள்ளீயம். பி8 என்றால் 92-க்கு 8. இரண்டும் வெண்கலம். செம்போடு துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை. நம் ஊரில் வார்க்கும் மணியும் தாளமும் பி20-க்கு நெருங்கிய உறவு, வெள்ளீயம் ஏறக்குறைய அதே அளவுதான். இந்த விகிதத்தில் உலோகம் எளிதில் உடையும், அதனால் வார்த்த கட்டியைத் திரும்பத் திரும்பச் சூடாக்கி உருட்டித் தகடாக்க வேண்டியிருக்கிறது. விலை ஏறுவது அங்கேதான். 1623-இல் இஸ்தான்புல்லில் தொடங்கியதாகச் சொல்லப்படும் சில்ட்ஜியான் என்ற சிம்பல் செய்யும் குடும்பத்தின் பெயரே இந்தக் கலவையால்தான் நின்றது. பிறகு அந்தக் குடும்பத்திலிருந்து பிரிந்த ஒருவர்தான் 1981-இல் கனடாவில் சேபியன் என்ற சிம்பல் நிறுவனத்தை ஆரம்பித்தார். ஆனால் பி20 என்றால் உயர்வு, பி8 என்றால் மட்டம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பைஸ்டே நிறுவனத்தின் 2002 வரிசை 8 சதவீத வெள்ளீயம் உள்ள வெண்கலம்தான், உலகம் முழுக்க மேடையில் நிற்கிறது. உங்களுக்கு நான் சொல்வது: பித்தளையைத் தவிருங்கள், வெண்கலத்தில் மெல்லியதாக எது கிடைத்தாலும் கையால் தொட்டுப் பாருங்கள். எழுத்தும் எண்ணும் அதற்கு அடுத்ததுதான்.

சரி, 'மேலே எதுவோ குறைகிறது' என்றீர்களே, அது என்ன? பலரும் அதைக் கிராஷ் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கிராஷ் ஒரு பாட்டில் எத்தனை முறை வரும்? பல்லவி முடிந்து சரணம் எடுக்கும் இடம், இடையிசை தொடங்கும் இடம், கடைசி. கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். உங்கள் குழுவில் குறைவது இடைவிடாமல் மேல் ஸ்தாயியில் ஓடும் ஒரு கோடு. கஹோனில் பேஸ் என்ற தாழ்ந்த அடி இருக்கிறது, ஸ்லாப் இருக்கிறது, உள்ளே இருக்கும் கம்பி ஸ்லாப்போடு சேர்ந்து சிலிர்க்கிறது. ஆனால் இரண்டு அடிகளுக்கு நடுவில் காலத்தைப் பிடித்துக்கொண்டு போக யாரும் இல்லை. டிரம் செட்டில் அந்த வேலையை ஹைஹாட் செய்கிறது, அதாவது ஒன்றின் மேல் ஒன்றாக மாட்டிக் காலால் மூடித் திறக்கும் ஜோடிச் சிம்பல். நம் வட ஆற்காட்டுத் தெருக்கூத்தில் யார் செய்கிறார்கள் என்று பாருங்கள். மிருதங்கம், டோலக், முகவீணை, ஆர்மோனியம், இவ்வளவு இருந்தாலும் தாளத்துக்கென்று ஒருவர் தனியாக உட்கார்ந்திருப்பார். தோல் வாத்தியக்காரர் எங்கே போய்த் திரும்பினாலும் அந்த வெண்கலச் சத்தம் இடம் மாறாது. ஆடுபவரின் காலும் அதை நம்பித்தான் விழுகிறது. இரவெல்லாம் நடக்கும் கூத்தில் அந்த ஆள் எழுந்து டீ குடிக்கப் போனால் என்ன ஆகும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

உங்கள் குழுவில் அந்த ஆளுக்குச் சம்பளம் கிடையாது, இடமும் கிடையாது. ஆனால் உங்கள் இடது கால் சும்மா இருக்கிறது.

அதனால் என் தீர்ப்பு: முதலில் காலால் இயக்கும் ஹைஹாட். கிராஷ் அப்புறம். டிரம் செட் விற்பவரிடம் ஹைஹாட் ஸ்டாண்டு கட்டாயம் இருக்கும். பெடல் தளர்வில்லாமல் இறங்கி ஏறுகிறதா, உள்ளே இருக்கும் ஸ்பிரிங் இழுக்கிறதா என்று பார்த்துவிட்டு அதை மட்டும் கேளுங்கள். இரும்புச் சாமான் பழையதானாலும் பாதகமில்லை. தட்டுகள்தான் நல்லதாக இருக்க வேண்டும்.

அளவு: டிரம்மர்கள் 14 அங்குலம் வைப்பார்கள். உங்களுக்கு 12 அல்லது 13 போதும், 10 அங்குல ஜோடி கிடைத்தாலும் மறுக்காதீர்கள். சிறியது சீக்கிரம் மூடும், 'சிக்' என்ற ஓசை கூர்மையாக விழும், பாடகரின் மைக்கில் ஏறாது. மேல் தட்டு மெல்லியதாகவும் அடித் தட்டு அதைவிடக் கனமாகவும் இருக்கும் ஜோடியாகப் பாருங்கள். இரண்டும் மெல்லியதாக இருந்தால் காலால் மூடும்போது சத்தம் சோர்ந்து போகும். இன்னொரு விஷயம், இதைப் பலர் கவனிப்பதில்லை. இரண்டு தட்டும் ஒரே மட்டத்தில் சரியாகப் பொருந்தினால் நடுவில் காற்று மாட்டிக்கொண்டு 'சிக்'குக்குப் பதில் 'பொஃப்' என்று வரும். ஸ்டாண்டில் அடித் தட்டு உட்காரும் இடத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதை லேசாகத் திருகி அடித் தட்டைக் கொஞ்சம் சாய்த்துவிடுங்கள். காற்று ஒரு பக்கமாக வெளியேறி, ஓசை பளிச்சென்று வரும். புது ஹைஹாட் வாங்கிவிட்டு 'தட்டு சரியில்லை' என்று திருப்பித் தர நினைப்பவர்களில் பாதிப் பேருக்கு இந்தத் திருகுதான் மருந்து.

உடனே பணம் இல்லையென்றால்? கூத்தாடிகளின் வழி இருக்கவே இருக்கிறது. இடது கணுக்காலில் ஒரு வரிச் சலங்கை கட்டிக்கொள்ளுங்கள். பரதநாட்டியச் சலங்கைக் கட்டு முழுவதும் வேண்டாம், அது நிற்காமல் கலகலத்துக்கொண்டே இருக்கும். தோல் பட்டையில் ஐந்தாறு மணி இறுக்கித் தைத்தது போதும். குதிகாலைத் தரையில் ஊன்றி முன்பாதத்தால் தட்டினால் மணி சிதறாமல் ஒலிக்கும். காலில் மாட்டும் தம்பூரினும் கடைகளில் கிடைக்கிறது, அதுவும் நன்றாகத்தான் இருக்கும். இதில் பழகிய கால் பிறகு ஹைஹாட் பெடலுக்குப் போகும்போது தடுமாறாது.

காலை எங்கே போடுவது என்பதில்தான் ரசனை தெரியும். நான்கு எண்ணிக்கைப் பாட்டில் பேஸ் 1, 3-லும் ஸ்லாப் 2, 4-லும் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். காலையும் 2, 4-லேயே போட்டால் ஸ்லாப் தடிக்கும். ஆராதனைப் பாட்டுகளுக்கு இது பொருந்தும். ஆனால் கையும் காலும் இம்மி பிசகினாலும் இரண்டு சத்தமாகக் கேட்டுவிடும், ஒளிக்க முடியாது. கால் 'ஒன்று-அண்ட்-இரண்டு-அண்ட்' என்பதில் 'அண்ட்'டில் விழுந்தால் பாட்டு துள்ளும், வரவேற்பு மேடையில் வேகப் பாட்டுகளுக்கு நல்லது. நம் குத்துப் பாட்டு, தெம்மாங்கு எல்லாம் பெரும்பாலும் 6/8, அதாவது ஆறு எண்ணிக்கை நடை. அங்கே 1, 4-இல் கால் போட்டால் நேரான நடை. அதே காலை 3, 6-க்கு நகர்த்திப் பாருங்கள், பாட்டு முன்னால் தள்ளப்படுகிற மாதிரி ஓர் இழுவை வரும். ஏழு எண்ணிக்கையுள்ள மிஸ்ர சாபு வந்தால் 3+2+2 ஆகப் பிரித்து ஒவ்வொரு கூறின் தொடக்கத்திலும் கால். எல்லாப் பாட்டிலும் எல்லா நேரமும் கால் ஓட வேண்டும் என்பதில்லை. பல்லவியில் கால் இல்லாமல் வாசித்துச் சரணத்தில் கொண்டுவந்தால், வேறு யாரோ குழுவில் சேர்ந்துகொண்ட மாதிரி இருக்கும்.

பழகுவதற்குச் சிம்பலே தேவையில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, மெட்ரோனோமை (சீராகத் தட்டிக் காலம் காட்டும் கருவி) நிமிடத்துக்கு 60-இல் வைத்து, காலை மட்டும் ஓட விடுங்கள். வாயால் சொற்கட்டு சொல்லுங்கள்: தகதிமி, தகிட, தகதகிட. வாய் எந்த நடைக்குப் போனாலும் கால் அசையக் கூடாது. அது நின்ற பிறகு கையைத் தொடையில் தட்டுங்கள். அப்புறம்தான் கஹோன். தபலாவோ மிருதங்கமோ கொஞ்சம் கற்றவர்களுக்கு இது வேகமாக வந்துவிடும், ஏனென்றால் வாய்க்கும் கைக்கும் ஏற்கெனவே பழக்கம் இருக்கிறது.

ஒரு சின்ன எச்சரிக்கை. கஹோனில் குதிகாலை முன் பலகையில் அழுத்திச் சுருதியை ஏற்றி இறக்கும் வழக்கம் உங்களுக்கு இருந்தால், அதை வலது காலுக்கு மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். ஜெம்பேவைக் கால்களுக்கு நடுவில் இடுக்கி வாசித்தால் இடது கால் பெடலுக்குப் போகவே முடியாது, அதற்கு ஜெம்பே ஸ்டாண்டு வேண்டும்.

இரண்டாவதாக வாங்க வேண்டியது கையால் தொடுகிற சிம்பல். இங்கேதான் விஷயம் ருசியாகிறது.

10 அங்குல ஸ்பிளாஷ் என்ற சின்னச் சிம்பல் ஒன்று, அல்லது 14-இலிருந்து 16 அங்குலத்துக்குள் மிக மெல்லிய கிராஷ் ஒன்று. இரண்டில் ஒன்றுதான் என்றால், ஆராதனைக்கு அதிகம் வாசிப்பவருக்கு மெல்லிய 16, கல்லூரி மேடைக்காரருக்கு ஸ்பிளாஷ். ஸ்பிளாஷ் 'ப்ஸ்ஸ்' என்று எழுந்து உடனே அடங்கிவிடும். கஹோனின் குணத்தோடு மிகவும் ஒத்துப்போகிறது. மெல்லிய 16 அங்குலத்தில்தான் மெதுவாக எழுகிற அலை கிடைக்கும். இரண்டு கை விரல் நுனிகளாலும் விளிம்புக்கருகில் மாற்றி மாற்றி மென்மையாக உருட்டுங்கள். முதலில் ஒன்றுமே கேட்காது, பிறகு தகடு மெல்ல மெல்ல எழும். பாடகர் மெதுவான பாட்டில் மூச்சு வாங்கும் இடத்தில் இதைப் போட்டால் வேறு எதுவும் வேண்டாம். கை வாத்தியக்காரர்களுக்கென்றே சில்ட்ஜியான் 'அசுக்கா' என்றும் மைனல் 'கண்டேலா' என்றும் வரிசைகள் வெளியிட்டன. கண்ணில் பட்டால் தட்டிப் பாருங்கள். அவைதான் வேண்டும் என்று தேடி அலைய வேண்டியதில்லை. எந்த நிறுவனமாக இருந்தாலும் மேலே 'தின்' அல்லது 'எக்ஸ்ட்ரா தின்' என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். 'ராக்', 'ஹெவி', 'பவர்' என்று எழுதியிருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

இணையத்தில் பார்த்து வாங்குவதை நான் விரும்பவில்லை. கையால் சுத்தியலடித்த சிம்பல்களில் ஒரே பெயர், ஒரே அளவு உள்ள இரண்டு தட்டுகள் கூட ஒரே மாதிரி பேசாது. வேலூரிலிருந்து சென்னைக்கும் ரயில் இருக்கிறது, பெங்களூருக்கும் ரயில் இருக்கிறது. காலையில் காட்பாடியில் ஏறினால் மாலைக்குள் திரும்பிவிடலாம். கடையில் குச்சி தருவார்கள், வாங்காதீர்கள். ஸ்டாண்டில் மாட்டச் சொல்லி விரலால் தட்டுங்கள். நீங்கள் வீட்டில் கஹோனை எவ்வளவு மெதுவாக வாசிப்பீர்களோ அந்த அளவு விசையில் சிம்பல் திறக்கிறதா என்பதுதான் சோதனை.

கையால் அடிக்கும் முறை. உள்ளங்கையை விரித்து விளிம்பில் மோதாதீர்கள், விரல் எலும்பு அடிபடும், விளிம்பு தோலைக் கிழிக்கவும் செய்யும். சிம்பலை உங்கள் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து மாட்டுங்கள். நான்கு விரல்களின் சதைப் பகுதி மேற்பரப்பில் விளிம்பை ஒட்டிப் பட்டு, உடனே வெளிப்பக்கமாக வழுக்கி விலக வேண்டும். அழுத்தக் கூடாது. கஞ்சிரா வாசித்தவர்களின் ஆள்காட்டி விரலுக்கு இது சீக்கிரம் பிடிபடும். நடுவில் இருக்கும் குமிழை விரல் முட்டியால் தட்டினால் மணி மாதிரி ஓசை. நகத்தால் விளிம்பை நோக்கிக் கீறினால் நீண்ட சீறல். ஒரு ரூபாய் நாணயத்தால் கீறினால் அது இன்னும் கூர்மையாகும், ஆனால் கோடு விழும், விலையுயர்ந்த தட்டில் செய்யாதீர்கள். மோதிரத்தைக் கழற்றிவிட்டு உட்காருங்கள். கையில் குச்சி இல்லாததால் உங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது: சத்தம் எழுந்ததுமே விளிம்பை விரலால் பிடித்து நிறுத்திவிடலாம். குச்சிக்காரர் அதற்கு ஒரு கையைக் காலி செய்ய வேண்டும். 'த்ஸ்' என்று வெட்டி நிறுத்தும் அந்த ஓசை, கடைசி அடியில் முழுக் குழுவும் ஒன்றாக நிற்கும்போது மிக நன்றாக இருக்கும்.

கையால் மட்டும்தான் வாசிக்க வேண்டும் என்று விரதம் எடுக்கவும் வேண்டாம். வரவேற்பு மேடையில் எதிரே சாப்பாட்டுப் பந்திக்கு அழைக்கும் சத்தம், குழந்தைகள், ஜெனரேட்டர். விரல் ஓசை அங்கே யார் காதிலும் விழாது. மெல்லிய மூங்கில் அல்லது மரக் குச்சிகளைக் கட்டாகக் கட்டிய 'ராட்ஸ்' ஒன்றை வலது கையில் வைத்துக்கொண்டு இடது கையால் கஹோன் வாசியுங்கள். நைலான் பிரஷ்ஷும் சரி. இரண்டும் கஹோனின் பலகை மேலும் படும், சிம்பல் மேலும் படும், ஒரே பொருளால் இரண்டு வேலை. முழு மரக்குச்சி மட்டும் வேண்டாம். கஹோன் பலகை மெல்லிய பிளைவுட், அதில் குச்சி தவறி விழுந்தால் பிளந்துவிடும்.

உட்கார்ந்து வாசிக்கும் கை வாத்தியத்தோடு சிம்பலை எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம் என்று பார்க்க வேண்டுமானால் திரிலோக் குர்ட்டுவைப் பாருங்கள். மும்பையில் பிறந்தவர். தபலா, டிரம், சிம்பல் எல்லாவற்றையும் தரையோடு தரையாகப் பரப்பி வைத்து வாசிப்பவர். அதிர்ந்துகொண்டிருக்கும் சிம்பலை வாளித் தண்ணீரில் இறக்கி அதன் ஓசையை வளைப்பது அவர் கையொப்பம் மாதிரி. நீங்கள் வாளியோடு சர்ச்சுக்குப் போக வேண்டாம், குழுத் தலைவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

நம் வீட்டு ஜால்ராவையே ஸ்டாண்டில் மாட்டினால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். மாட்டலாம், ஆனால் தெரிந்து மாட்டுங்கள். ஜால்ராவும் நட்டுவாங்கத் தாளமும் தடித்த, சிறிய உலோகம். அவற்றுக்கு ஓரளவு தெளிவான சுருதி உண்டு. பஜனையில் அது அழகு. கீபோர்டுக்காரர் அரைச் சுருதி ஏற்றி அடுத்த பாட்டைத் தொடங்கும்போது அந்த ஒற்றைச் சுருதி உறுத்தத் தொடங்கும். மெல்லிய சிம்பலின் ஓசையில் குறிப்பிட்ட சுருதி நிற்காது, அதனால் எந்தச் சுருதியில் பாடினாலும் ஒட்டிக்கொள்ளும். பாட்டின் முதல் அடியில் ஒரே ஒரு முறை ஜால்ரா விழுந்து நீண்டு அடங்குவது மட்டும் எனக்குப் பிடித்த பிரயோகம்.

ரிதம் பேடில் (தட்டினால் பதிவு செய்த ஓசை தரும் எலக்ட்ரானிக் பலகை) நூறு சிம்பல் இருக்கிறதே என்பீர்கள். பெரிய மேடையில் எல்லாமே ஸ்பீக்கர் வழியாக வரும்போது பரவாயில்லை. சின்னக் கூடத்தில் கஹோன் உங்கள் உடம்புக்குக் கீழிருந்து பேசும், சிம்பல் மட்டும் சுவர் ஓரத்துப் பெட்டியிலிருந்து பேசும். கேட்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் ஒட்டவில்லை என்று தெரியும்.

ஸ்டாண்டு விஷயம். கஹோன் உட்காரும் உயரம் 45-இலிருந்து 50 சென்டிமீட்டர். டிரம்மரின் ஸ்டூலைவிடத் தாழ்வு, அவர் சிம்பல் வைக்கும் உயரத்தில் நீங்கள் வைத்தால் தோள் வலிக்கும், சத்தமும் நேராகப் பாடகரின் மைக்குக்குள் போகும். முழங்கையை மடித்து உட்கார்ந்தால் கை எந்த உயரத்தில் நிற்கிறதோ அதற்குச் சற்று மேலே விளிம்பு வரட்டும். வலது பக்கம், முட்டிக்குக் கொஞ்சம் வெளியே. கை நீட்டாமல் மணிக்கட்டைத் திருப்பினாலே தொட வேண்டும். நேர் ஸ்டாண்டைவிட வளைகை உள்ள பூம் ஸ்டாண்டு நல்லது, கால்களைத் தள்ளி வைத்துவிட்டுத் தட்டை மட்டும் அருகில் கொண்டுவரலாம். மூன்று கால்களில் ஒன்று சிம்பலின் நேர் கீழே நீட்டியிருக்கட்டும், இல்லையென்றால் ஒரு நாள் மொத்தமும் சாயும். ஹைஹாட் ஸ்டாண்டின் கால்கள் கஹோனின் மூலையில் இடித்தால், கால்பகுதி சுழலும் ஸ்டாண்டா என்று பாருங்கள், அல்லது இரண்டு கால் ஸ்டாண்டு வாங்குங்கள்.

சிம்பலுக்கு மேலே விரலால் திருகும் விங் நட்டை இறுக்கவே கூடாது. தட்டு தாராளமாக ஆட வேண்டும். மெல்லிய சிம்பல் விரிசல் விடுவதற்கு முதல் காரணம் இறுக்கம்தான். துளைக்குள் பிளாஸ்டிக் குழாய் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் கம்பி நேராக உலோகத்தில் உரசினால் வட்டத் துளை நாளடைவில் சாவித் துவாரம் மாதிரி நீண்டுவிடும். மேலும் கீழும் ஃபெல்ட் வாஷர் போட வேண்டும். ஃபெல்ட் தேய்ந்தால் கடை தேட வேண்டாம். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று சுற்றிலும் தோல் ஊர்களை வைத்துக்கொண்டு நமக்கென்ன பஞ்சம்? செருப்புத் தைப்பவரிடம் தடித்த தோல் துண்டு வாங்கி வட்டமாக வெட்டி நடுவில் துளை போடுங்கள். ஓசை ஃபெல்ட்டைவிடக் கொஞ்சம் வறண்டு கேட்கும், கஹோனுக்கு அது நல்லதுதான்.

உயர்ந்த கூரையும் வெற்றுச் சுவரும் உள்ள பழைய சர்ச்சுகளில் எதிரொலி நிறைய. அங்கே கிராஷைத் தொடவே யோசியுங்கள். ஹைஹாட் காலும் விரல் உருட்டலும் போதும். ஓசை அப்போதும் நீளமாக இருந்தால் சிம்பலின் அடியில், விளிம்பிலிருந்து மூன்று விரல் உள்ளே, இரண்டு அங்குலத் துணி டேப் ஒட்டுங்கள். போதவில்லை என்றால் இன்னொன்று. சிம்பலுக்குத் தனி மைக் வேண்டாம். கஹோனின் பின் துளைக்கு ஒரு மைக் வைத்தால் சிம்பல் அதிலேயே போதுமான அளவு வந்துவிடும். பாடகர்களுக்குப் பின்னால் நேராக உட்காராமல் பக்கவாட்டில் உட்காருங்கள். சவுண்டுக்காரர் குரலை ஏற்றும்போதெல்லாம் உங்கள் சிம்பலும் கூடவே ஏறாமல் இருக்கும்.

எப்போதாவது பழைய வெண்கலத் தட்டு விலைக்கு வந்தால் இப்படிப் பாருங்கள். விளிம்பை வெளிச்சத்துக்கு எதிரே சுற்றிக் காட்டச் சொல்லி விரல் நகத்தால் தடவுங்கள். நகம் மாட்டினால் அங்கே விரிசல் தொடங்கியிருக்கிறது, அது நிற்காது, வளரும். நடுத் துளை வட்டமாக இருக்கிறதா பாருங்கள். மெதுவாகத் தட்டிக் காதருகே கேளுங்கள். ஓசைக்குள் 'ஸ்ர்ர்' என்று ஓர் உறுமல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது. விரிசல் விட்டதை அடிமாட்டு விலைக்குத் தந்தால் மட்டும் வாங்கலாம்: நல்ல தட்டின் மேல் அதைக் கவிழ்த்து மாட்டினால் குட்டையான, கரகரப்பான ஓசை கிடைக்கும். டிரம்மர்கள் 'ஸ்டாக்' என்பது அதைத்தான். குத்துப் பாட்டுக்குப் பிரமாதமாக இருக்கும்.

கையால் தொட்டு வாசிப்பதால் வியர்வை உப்பு தட்டில் படியும், பச்சையும் கறுப்பும் பூக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் பெரும்பாலும் போதும். அழுக்கு அதிகமானால் சோப்புத் தண்ணீர், பிறகு உடனே துடைத்து உலர்த்துவது. வீட்டில் யாராவது வெண்கலப் பானை மாதிரி புளி போட்டுத் தேய்த்துத் தருகிறேன் என்றால் தடுத்துவிடுங்கள். பளபளப்பு வரும், கூடவே மேல் பூச்சும் நிறுவன முத்திரையும் போகும், தட்டின் மெல்லிய வரிகளுக்குள் புளிச் சக்கை தங்கும். சாம்பலும் இரும்பு நாரும் வரிகளையே தேய்த்துவிடும்.

கடைசியாக வெயில். வைகாசி முதல் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா போல, மே மாதத்தில் நம் பக்கம் எத்தனையோ திறந்த மேடைகள். மதியம் மூன்று மணிக்கு சவுண்ட் செக் என்பார்கள். 40 டிகிரி வெயிலில் அரை மணி நேரம் நின்ற சிம்பலை விரலால் தொட முடியாது. வெண்கலத்துக்கு ஒன்றும் ஆகாது, உங்கள் கைக்குத்தான் ஆகும். ஸ்டாண்டுகளை நிறுத்தி உயரம் சரிபார்த்துவிட்டுத் தட்டுகளைக் கழற்றிப் பையோடு நிழலில் வையுங்கள். ஆட்டுத் தோல் ஜெம்பேவையும் அதே நிழலுக்குக் கொண்டுபோங்கள், அது வெயிலில் முறுகி ஏறினால் வாசிக்கும்போது கிழியும். இருட்டி, பம்பை உடுக்கைக்காரர்கள் இறங்கிய பிறகு உங்கள் முறை வரும்போது மாட்டிக்கொண்டால் போதும்.